விட்டுப்போன பதினோரு பக்கங்கள்

அவள் உட்கார்ந்த நாற்காலி எதுவும் நிம்மதியாக இருந்ததில்லை. வகுப்பில் பெஞ்சு ஆடும். ஆராதனையில் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்ப்பார். விடுதியில் மேல்கட்டிலில் அவள் படுத்திருந்தால் கீழ்க்கட்டிலில் இருப்பவளுக்குத் தூக்கம் வராது. அந்தக் கீழ்க்கட்டில்காரிதான் அவளுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தாள். வைத்தவளை எல்லோரும் வக்கீல் என்பார்கள். அவள் படித்ததென்னவோ கணிதம்தான். ஆனால் குளிக்கப் போகாமல் இருப்பதற்குக்கூட மூன்று காரணம் சொல்லுவாள்.

பம்பரத்தின் கால் ஓரிடத்தில் நிற்காததற்கு வியாதி ஒன்றும் இல்லை. மனம் எப்போதும் இன்னோர் இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். கல்லூரி நடனக் குழுவின் ஆட்டப் பயிற்சியில் நிற்கும்போது, வாசிப்பறைக்குப் போய் மூன்று நாளாகிறதே என்று குடையும். வாசிப்பறையில் உட்கார்ந்தால், இந்நேரம் அவர்கள் இரண்டாவது சுற்று ஆடிக்கொண்டிருப்பார்களே என்று பறக்கும். கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்தில் அவளை ஆட்டக்காரி என்றார்கள். ஆட்டக் குழுவில் சாமியாரம்மா என்றார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவளைப் பார்த்துச் சொன்னதுதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அம்மா போனில் கூப்பிட்டு, ஒழுங்காக ஜெபம் பண்ணுகிறாயா என்று கேட்பாள். அப்பா போனைப் பிடுங்கி, ஒழுங்காகத் தூங்குகிறாயா என்று கேட்பார். இரண்டுக்கும் அவள் ஆமாம் என்பாள். இரண்டும் பாதிப் பொய்.

இதில் சங்கடம் என்னவென்றால் இரண்டுமே அவளுக்கு உண்மையாகப் பிடித்திருந்தன. ஒன்று பிடிக்காமல் போயிருந்தால் பிழைத்திருப்பாள்.

வாசிப்பறை என்பது கல்லூரி ஜெபக்கூடத்தை ஒட்டிய ஒரு குறுகலான அறை. சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை ஒட்டி, ஒரு மேசை, ஒரு மைக், ஒரு விளக்கு, கதவில் ஒரு கண்ணாடி. பார்வை இல்லாதவர்களுக்காக ஐக்கியத்து மாணவர்கள் அங்கே உட்கார்ந்து பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வார்கள். அந்த அறைக்கென்று சில வழக்கங்கள் உண்டு. தொடங்கும்போது புத்தகத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். பிறகு 'வாசிப்பவர், இரண்டாம் ஆண்டு மாணவி' என்று சொல்ல வேண்டும். சொந்தப் பெயர் கூடாது. செய்கிற நன்மைக்குப் பெயர்ப்பலகை மாட்டக் கூடாது என்பது ஐக்கியத்தை ஆரம்பித்தவர்களின் கட்டளை. அப்புறம் ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னால் பக்க எண். கேட்பவருக்குப் புத்தகத்தின் விளிம்பு கையில் தட்டுப்படாது. அந்த எண்தான் விளிம்பு. இதை வாசிப்பறைப் பொறுப்பாளர் அக்கா புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்லுவாள். பொறுப்பாளர் அக்கா முதுகலை படிப்பவள், யாரையும் சந்தேகப்படத் தெரியாதவள். அவள் பதிவைப் போட்டுப் பார்ப்பதெல்லாம் குரல் தெளிவாக இருக்கிறதா என்பதற்குத்தான்.

பம்பரத்துக்குக் கிடைத்த புத்தகம் மசாஜ் பயிற்சிக்கானது. அதைக் கேட்கப்போகிறவள் ஒரு தையல்காரி. இருபது வருடம் தைத்தவளுக்கு ஏதோ நோயில் நாற்பது வயதுக்குள் இரண்டு கண்ணும் போய்விட்டது. விரலில் இருக்கிற வித்தை வீணாகக் கூடாது என்று மசாஜ் பயிற்சி நிலையத்தில் சேர்ந்திருந்தாள். மற்றவர்கள் எல்லாம் அச்சுப் புத்தகம் வைத்துப் படிக்கிற வகுப்பில் இவள் ஒருத்தி மட்டும் காதில் மாட்டிக்கொண்டு படித்தாள். ஐக்கியத்தில் அவளைத் தையல்கார அக்கா என்பார்கள். ஒரு தேநீர் விருந்தில் பம்பரம் அவளைப் பார்த்திருக்கிறாள். அக்கா இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் குரல்தான் எனக்கு வாத்தியார்" என்று சொன்னாள். அந்த வார்த்தையைப் பம்பரம் ஒரு வாரம் நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்தாள்.

அப்படிப்பட்டவள்தான் அந்த வியாழக்கிழமை அந்தக் காரியத்தைச் செய்தாள்.

மூன்று மாதத்துக்கு முந்திய வியாழக்கிழமை அது. வக்கீலுக்குப் பிறந்தநாள். ஏரியில் படகு விடுவது ஐந்து மணியோடு நின்றுவிடும். ஏழு பேர் கல்லூரி வாசலில் வண்டி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், நிமிடத்துக்கு ஒருத்தி போன் அடிக்கிறாள். பம்பரம் வாசிப்பறையில் நூற்றுப் பதினோராம் பக்கத்தில் இருக்கிறாள். அன்றைக்கு நூற்று முப்பது வரை முடித்தே ஆக வேண்டும், மறுநாள் பதிவு போக வேண்டும். பக்கத்தைத் திருப்பினால் 'கை வைக்கக் கூடாதவை' என்று ஒரு தலைப்பு. விரலால் புரட்டிப் பார்த்தாள், பதினோரு பக்கம். தொடுவதைச் சொல்லித்தருகிற புத்தகத்தில் தொடாமலிருப்பதற்குப் பதினோரு பக்கமா என்று எரிச்சல் வந்தது. முதலில் தொடக் கற்றுக்கொள்ளட்டும், இதைத் திங்கட்கிழமை வந்து வாசித்துச் சேர்த்துவிடலாம் என்று நூற்று இருபத்து மூன்றுக்குத் தாவினாள். எண்ணைச் சொல்ல வாயைத் திறந்தாள். நூற்றுப் பதினொன்றுக்கு அப்புறம் நூற்று இருபத்து மூன்று என்றால் கேட்கிற யாருக்கும் ஓட்டை தெரிந்துவிடுமே.

"பக்கம் நூற்றுப் பன்னிரண்டு" என்றாள்.

படகு கிடைத்தது. பம்பரம் துடுப்பைத் தவறவிட்டாள், அதை எட்டிப் பிடிக்கப் போய் வக்கீல் இடுப்பு வரை நனைந்தாள், எட்டுப் பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நல்ல நாள் அது. அதை நல்ல நாள் இல்லை என்று சொன்னால் அதுவும் ஒரு பொய்யாகும்.

திங்கட்கிழமை தேர்வு வந்தது. செவ்வாய்க்கிழமை ஆட்டப் பயிற்சி. அடுத்த வியாழன் வாசிப்பறைக்குப் போனபோது, இனிமேல் சரியான எண்ணைச் சொன்னால் போன வாரத்து எண்ணோடு ஒட்டாதே என்று தோன்றியது. ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். இவளுக்கு நூறு வேண்டியிருந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் பதினொன்றைக் கழித்துக் கழித்துச் சொல்லியே புத்தகத்தை முடித்தாள். கடைசியில் இருந்தது வெறும் சொற்பட்டியல், அதை வாசிக்கிற வழக்கம் இல்லை. அதனால் முடிவில் எதுவும் உதைக்கவில்லை. வாசித்து முடித்தவர்களுக்கு ஐக்கியத்தில் கை தட்டுவார்கள். அவளுக்கும் தட்டினார்கள். தட்டின கை அடங்குவதற்குள் அவள் வாசலில் இருந்தாள். அதற்கப்புறம் அந்தப் பதினோரு பக்கத்தை அவள் மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. பல்லில் சிக்கின நார் மாதிரி நாக்கு அங்கே போய்ப்போய் வரும்.

இன்றைக்குச் சனிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குக் கல்லூரிகளுக்கிடையிலான ஆட்டப் போட்டி. காலையில் ஐக்கியக் கூட்டம். வழக்கம்போல ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு காலாகப் பம்பரம் வட்டமாய்ப் போட்ட நாற்காலிகளில் கதவோரத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். ஆட்ட உடை பையில் இருந்தது. ஜெபக் குறிப்புகள் சொல்லும் நேரத்தில் பொறுப்பாளர் அக்கா எழுந்தாள். தையல்கார அக்காவுக்கு இன்றைக்கு மூன்று மணிக்கு இறுதித் தேர்வு, நேரிலே கேள்வி கேட்பார்கள், தேறிவிட்டால் அந்த நிலையத்திலேயே வேலை என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே ஒரு செய்தி சொன்னாள். வகுப்பில் ஆசிரியை ஒரு பக்கத்தைச் சொன்னால் அக்காவின் பதிவில் அது வேறு பக்கமாம். வகுப்பே சிரித்ததாம். அக்கா அசரவில்லையாம். உங்கள் புத்தகம்தான் வேறு பதிப்பு, எங்கள் பெண் தப்பாக வாசிக்கமாட்டாள் என்று ஆசிரியையிடமே சண்டை போட்டாளாம்.

"நம்ம வாசிப்பு மேல அவங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை" என்று சொல்லி முடித்தாள் பொறுப்பாளர் அக்கா.

பதினெட்டுப் பேரும் ஸ்தோத்திரம் என்றார்கள். பம்பரத்தின் வாயும் அதையே சொன்னது. ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடினார்கள். அவள் திறந்தபடியே உட்கார்ந்திருந்தாள். முதல்முறையாகக் கால்கூட ஆடவில்லை.

வெளியே வந்ததும் தையல்கார அக்காவுக்குப் போன் செய்தாள். அணைத்து வைத்திருந்தது. பயிற்சி நிலையத்துக்குச் செய்தாள். தேர்வு எழுதுகிறவர்கள் காலையிலேயே போனை ஒப்படைத்துவிடுவார்கள், நடுவில் கூப்பிட முடியாது என்றார்கள். என்ன விஷயம் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றாள்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஆட்டப் பயிற்சிக்குப் போனாள். போனவள் ஆடியிருந்தால் பரவாயில்லை. எட்டுப் பேர் ஆட்டத்தில் அவள் நடு. மற்ற ஏழு பேரும் சுற்றி வர, அவள் நின்ற இடத்தில் சுழல வேண்டும். முதல் சுற்றில் ஒருத்தியின் காலை மிதித்தாள். இரண்டாவதில் எதிர்த் திசையில் சுழன்று வக்கீலின் முழங்கையில் மூக்கைக் கொடுத்தாள். வக்கீல் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு அவளைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனாள். என்ன நடந்தது என்று கேட்டாள். பம்பரம் சொன்னாள். சொல்லச் சொல்ல மூக்கு வலியா வேறு எதுவா என்று தெரியாமல் கண்ணில் நீர் வழிந்தது.

வக்கீல் வழக்கம்போல மூன்று காரணம் சொன்னாள். அந்தப் பகுதியிலிருந்து கேள்வி வராமலே போகலாம். வகுப்பில் ஆசிரியை நடத்தியிருப்பாள். தோற்றாலும் மறுபடி எழுதலாம். பிறகு கேட்டாள்:

"அந்தப் பதினோரு பக்கத்துல அப்படி என்னதான் இருக்கு?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"நான்தான் வாசிக்கவே இல்லையே."

வக்கீல் நாலாவது காரணத்துக்கு வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். அவள் ஜெபக்கூடத்துப் பக்கமே போகாதவள். பம்பரத்தின் ஐக்கியத்தைக் கிண்டல் பண்ணுவதே அவளுக்குப் பொழுதுபோக்கு. அன்று கிண்டல் வரவில்லை.

"என் பிறந்தநாள் அன்னிக்கா?" என்று மட்டும் கேட்டாள். பம்பரம் தலையாட்டினாள். "அப்போ கிளம்பு. அஞ்சுக்குள்ள வந்தா வா. வரலைன்னா ஏழு பேரா ஆடிக்குறோம். கோபமாத்தான் ஆடுவோம், அதையும் சொல்லிட்டேன்."

பயிற்சி நிலையம் ஊரின் மறுகோடியில் இருந்தது. இரண்டு பேருந்து மாற வேண்டும். முதல் பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று கதை பேசிவிட்டுப் போனது. இரண்டாவது பேருந்து வரவே இல்லை. பம்பரம் நிழற்குடைக்கும் சாலைக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள். போகாமலே இருந்துவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. தேர்வு தொடங்கியிருக்கும், இனிமேல் போய் என்ன, ஜெபம் பண்ணினால் போதாதா என்று அது இனிக்க இனிக்கப் பேசியது. செய்வதையும் செய்துவிட்டு இப்போது கடவுள் தலையில் கட்டப் பார்க்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா என்று தன்னைத் தானே சத்தமாகவே கேட்டாள். பக்கத்தில் நின்ற ஆள் இரண்டடி தள்ளி நின்றார்.

மூன்று மணி தாண்டி ஐந்து நிமிடத்துக்கு நிலையத்து மாடிப்படியில் ஏறினாள். தாழ்வாரமெங்கும் எண்ணெய் வாசனை. நீளமான பெஞ்சில் ஐந்தாறு பேர், முழங்கால் மேல் அச்சுப் புத்தகத்தைப் பிரித்து வைத்து உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தையல்கார அக்கா. மடியில் ஒன்றும் இல்லை. மடக்குக் கோல் சுவரில் சாய்ந்திருந்தது. மேலாடையின் ஓரத்தை விரல் நுனியால் அளந்து அளந்து விட்டுக்கொண்டிருந்தாள். பம்பரம் எதிரே போய் நின்றாள். கால் தரையைத் தட்டியது.

"யாரு, வாசிக்கிற பொண்ணா?" என்று அக்கா நிமிர்ந்தாள், முகமெல்லாம் மலர்ந்து. "இந்தக் கால் சத்தம் எனக்குத் தெரியும்மா. பதிவுல கேக்குமே. என்னைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தே?"

பம்பரம் பெஞ்சின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். பதிவில் ஒரு சின்னத் தப்பு என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்ததே பொய்யாகப் போகிறதே என்று நிறுத்தினாள்.

"அக்கா, நான் நடுவுல சில பக்கம் விட்டுட்டேன். வேணும்னே விட்டேன். தெரியக் கூடாதுன்னு எண்ணை மாத்திச் சொன்னேன்."

"எத்தனை பக்கம்?"

"பதினொண்ணு."

அக்காவின் விரல் ஆடை ஓரத்தில் நின்றுபோனது.

"பதினொண்ணு" என்று மெதுவாகச் சொன்னாள். "எப்பப் பார்த்தாலும் பதினொண்ணுதான் உதைச்சுது. டீச்சர் இருநூறுன்னா எனக்கு நூத்தி எண்பத்தொம்பது. எல்லாரும் சிரிச்சாங்க. நான் உனக்காகச் சண்டை போட்டேன்."

மன்னிச்சிடுங்க என்று பம்பரம் சொன்னாள். அது அந்த எண்ணெய் வாசனையில் எங்கோ போய்விட்டது. அக்கா அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது பம்பரத்துக்கு.

"பக்கத்தை விட்டதுகூடப் பெரிசில்ல. வேலை இருந்திருக்கும், சின்னப் பொண்ணு. ஆனா அளவு டேப்பையே மாத்திட்டியேம்மா. டேப்பு தப்புன்னா எத்தனை கவனமா வெட்டினாலும் சட்டை சேராது. நான் வேற எதை வச்சு அளக்குறது?"

பம்பரம் எழுந்து தேர்வு அறைக் கதவைத் தட்டினாள். பயிற்சி ஆசிரியை எரிச்சலோடு வெளியே வந்தாள். பம்பரம் நின்றபடியே, பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் கேட்க, எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா மேல் பிசகு இல்லை, தன் வாசிப்புத்தான் பிசகு என்பதை இரண்டு முறை சொன்னாள். ஆசிரியை அவளை மேலும் கீழும் பார்த்தாள். எந்தப் பக்கங்கள் என்று கேட்டாள். 'கை வைக்கக் கூடாதவை' என்றதும் அவள் முகம் மாறியது. அந்தப் பகுதியை நடத்திய வாரம் தையல்கார அக்கா கண் மருத்துவமனைக்குப் போயிருந்தாள். பதிவு இருக்கிறது, கேட்டுக்கொள்வாள் என்று விட்டுவிட்டார்களாம்.

"அந்தப் பகுதி தெரியாதவங்களை நான் யார் உடம்பு மேலயும் கை வைக்க விடமாட்டேன்" என்றாள் ஆசிரியை. பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றாவதாக இருந்த அக்காவைக் கடைசிக்கு மாற்றினாள். நாலரை மணி வரைக்கும் நேரம். உள்ளே போய்த் தன் புத்தகத்தைக் கொண்டுவந்து பம்பரத்தின் கையில் வைத்தாள். வேறு பதிப்பு என்று அக்கா சண்டை போட்ட அதே புத்தகம்.

தாழ்வாரத்துக் கோடியில், படுக்கை விரிப்புகள் அடுக்கியிருந்த சிறிய அறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். நாலு மணிக்கு ஆட்டக் குழு மேடைக்குப் பின்னால் கூட வேண்டும். போன் பையில் துடித்தது. பம்பரம் அதை எடுக்கவில்லை.

"பக்கம் நூற்றுப் பன்னிரண்டு" என்று ஆரம்பித்தாள்.

காய்ச்சல் உள்ளவர்கள். புதிய காயம். எலும்பு முறிவு. அக்கா ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நிறுத்தச் சொல்லி, தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். மசாஜ் என்றால் தேய்த்து விடுவது என்று நினைத்திருந்த பம்பரம் ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து வாசித்தாள். நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் கெண்டைக்கால் வந்தது. ஒரு கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக இருந்து, வலியும் இருந்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அழுத்தினால் அந்தக் கட்டி நகர்ந்து நெஞ்சுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

அக்கா திருப்பிச் சொல்லவில்லை.

"இன்னொரு தடவை வாசி."

வாசித்தாள். அக்கா கையை நீட்டி இருட்டில் எதையோ தேடுகிறவள் மாதிரி பம்பரத்தின் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல் சில்லென்று இருந்தது.

"எங்க மாமியாருக்கு ஒரு கால் வீங்கியிருக்கு. இடது கால். நாலு நாளா நான்தான் தினமும் அழுத்திப் பிடிச்சு விடுறேன், பழகின மாதிரியும் ஆச்சுன்னு. சூடா இருக்கு. இன்னிக்குக் காலையிலயும் பிடிச்சுட்டுத்தான் வந்தேன்."

பம்பரம் போனை எடுத்தாள். தோழிகளின் பதினான்கு அழைப்புகளை ஒதுக்கிவிட்டு அக்கா சொன்ன எண்ணை அழுத்தினாள். இரண்டு முறை தப்பாகப் போயிற்று. அக்காவின் கணவர் அச்சகத்தில் வேலை செய்கிறவர். பின்னால் இயந்திரச் சத்தம். அக்கா அமைதியாகத்தான் பேசினாள். வீட்டுக்குப் போங்க, அம்மாவை நடக்க விடாதீங்க, காலை யாரும் தொட வேணாம், வண்டி பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, ரத்தக்கட்டா பாருங்கன்னு நீங்களே டாக்டர்கிட்ட கேளுங்க என்றாள். என்ன திடீரென்று எனக் கேட்டார் போலிருக்கிறது.

"பாடத்துல இப்பதான் வந்துச்சு" என்றாள்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதியை வாசி என்றாள். இனி எப்படித் தேர்வு என்று பம்பரம் திக்கினாள். இங்கே உட்கார்ந்து அழுதால் அங்கே வீக்கம் இறங்குமா என்று கேட்டாள் அக்கா. பம்பரம் வாசித்தாள். நூற்று இருபத்து இரண்டாம் பக்கம் முடிந்தபோது மணி நாலே கால். அக்கா எல்லாவற்றையும் ஒரு முறை ஒப்பித்தாள், ஓர் இடத்தில் மட்டும் தடுமாறினாள். நாலரைக்குக் கூப்பிட்டார்கள். கோலைத் தட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

கதவு சாத்தியதும் பம்பரத்துக்கு இரண்டு வழி இருந்தது. ஒரு வாடகை வண்டி பிடித்தால் ஐந்தே காலுக்கு அரங்கத்துக்குப் போய்விடலாம். போட்டி என்றைக்குச் சொன்ன நேரத்துக்கு ஆரம்பித்திருக்கிறது? ஆனால் அக்காவின் கணவருக்குத் தெரிந்த ஒரே எண் இப்போது அவள் போன்தான். ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தால் இந்தப் போனுக்குத்தான் வரும். வக்கீலுக்கு, வரவில்லை, ஆடுங்கள் என்று செய்தி அனுப்பினாள். போனை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தாள். ஜெபம் பண்ணப் பார்த்தாள். அந்தக் கிழவிக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதைத் தவிர வார்த்தை வரவில்லை. ஏரியில் நனைந்து சிரித்த முகங்கள் வந்து வந்து போயின. அந்தச் சிரிப்பின் மேல் அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு, சிரிப்பு என்ன செய்தது, செய்தது நான்தானே என்று தோன்றி, அது இன்னும் மோசமாக வலித்தது.

அக்கா ஐந்தரைக்கு வெளியே வந்தாள். தேறினாளா என்று பம்பரம் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. போன் வந்ததா என்றாள். இல்லை. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கூட்டிப் பெருக்குகிற பெண் வந்து காலைத் தூக்கச் சொன்னாள், தூக்கினார்கள். ஆறு மணிக்குப் போன் அடித்தது. பம்பரம் அதை அக்காவின் காதில் வைத்தாள். அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ம், ம் என்று கேட்டுவிட்டுப் போனைக் கீழே வைத்தாள்.

"ஸ்கேன் பண்ணாங்களாம். கட்டி இல்ல. முட்டியிலேர்ந்து நீர் இறங்கியிருக்காம். மாத்திரை குடுத்திருக்காங்க."

பம்பரம் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். பெருக்குகிற பெண் துடைப்பத்தோடு நின்று பார்த்தாள். அக்கா அவள் முதுகில் கை வைத்தாள். வைத்தாளே தவிரத் தட்டிக்கொடுக்கவில்லை.

"எனக்குக் கோபம் இருக்கும்மா. கொஞ்ச நாள் இருக்கும். அது போறப்போ போகட்டும்" என்றாள். "ஆனா புத்தகத்தை நீதான் மறுபடி வாசிக்கணும். நூத்திப் பன்னிரண்டுலேர்ந்து கடைசி வரைக்கும். எனக்கு அப்புறமும் அதைக் கேக்க ஆள் வரும். வேற யார்கிட்டயும் குடுக்காதே."

அக்கா தேறிவிட்டாள் என்பதை ஆசிரியை படியிறங்கும்போது சொல்லித்தான் பம்பரத்துக்குத் தெரியும்.

விடுதிக்குத் திரும்பியபோது மேல்கட்டிலில் ஒரு கோப்பை வைத்திருந்தது. ஏழு பேரும் நடுவைக் காலியாக விட்டே ஆடியிருந்தார்கள். சுற்றி வந்தவர்கள் யாருமில்லாத நடுவைப் பார்த்துக் கை நீட்டியதை நடுவர்கள் ஏதோ பெரிய கருத்து என்று எண்ணி இரண்டாம் பரிசு கொடுத்துவிட்டார்கள். மூன்று வருடத்தில் அந்தக் குழு முதன்முதலாக வாங்கின பரிசு. நீ இல்லாததால்தான் கிடைத்தது, அடுத்த வருடமும் எங்காவது போய்விடு என்றாள் வக்கீல். பம்பரம் சிரித்தாள். சிரிக்க முடிந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆட்டக் குழுவுக்கு அவள் இல்லாமல் முடிந்தது. பதினோரு பக்கத்துக்கு முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொறுப்பாளர் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் அதிர்ந்துபோய், நானும் சரிபார்க்கவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டாள். திங்கட்கிழமை பிற்பகல் பம்பரம் வாசிப்பறைக்குப் போனாள். வாசலில் வக்கீல், சினிமாவுக்கு ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். பம்பரம் மைக்கை இழுத்துப் புத்தகத்தின் பெயரைச் சொன்னாள். வாசிப்பவர், இரண்டாம் ஆண்டு மாணவி என்றாள். அதோடு நிற்கவில்லை.

"இதே புத்தகத்தை முன்பு பொய்யான பக்க எண்களோடு வாசித்தவளும் இவள்தான். இதற்கு முந்தைய பதிவு கையில் இருந்தால் அதை நம்ப வேண்டாம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்த பொறுப்பாளர் அக்கா பதறிக் கையை ஆட்டினாள், அதை வெட்டிவிடலாம் என்று சைகை செய்தாள். பம்பரம் தலையை அசைத்து வேண்டாம் என்றாள். மேசைக்கு அடியில் கால் தட்டத் தொடங்கியிருந்தது. ஐந்தரைக்குள் எத்தனை பக்கம் முடியுமோ அத்தனைதான், மீதி நாளைக்கு என்று நினைத்துக்கொண்டாள். காலை அடக்கவில்லை.

"பக்கம் நூற்றுப் பன்னிரண்டு" என்றாள். "கை வைக்கக் கூடாதவை."